கடைசிப் பக்கத்து விலை

ஆறாவது ஆளும் பணம் கட்டும் பக்கம் வரை வந்து காணாமல் போனார்.

அவள் லேப்டாப்பை முறைத்தாள். அவர்களுடைய இணையக் கடைக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி காட்டும். புள்ளி வந்தது. நீல ஷூவின் படத்தருகே நான்கு நிமிடம் நின்றது. இடது கால் அளவு, வலது கால் அளவு இரண்டையும் தேர்ந்தெடுத்தது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனது. யாரோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது போல அணைந்தது.

அவர்கள் விற்பது சாதாரண ஷூ இல்லை. இடது ஒரு அளவு, வலது வேறு அளவு. இரண்டு பாதமும் ஒன்றுபோல இல்லாதவர்கள் எங்கே போனாலும் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒற்றையைத் தூக்கிப் போட வேண்டும். அந்தக் கால்களுக்காகவே அவள் கணவன் தைத்தான். உள்ளூரில் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்பதால், வெளிநாட்டை நம்பித்தான் பட்டறை ஓடியது. இந்த மாதம் பதினைந்து ஜோடி போகாவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, திங்கட்கிழமை பெரிய ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேருவது என்று அவனே கெடு வைத்திருந்தான். இன்று வியாழன். போனது பதினொன்று.

இத்தனைக்கும் போன வாரம்தான் அவள் ராப்பகலாக உட்கார்ந்து, யார் எந்த நாட்டில் திறந்தாலும் அந்த நாட்டுப் பணத்திலேயே விலை தெரிகிற மாதிரி செய்திருந்தாள். கூட்டம் இரண்டு மடங்கானது. வாங்கத்தான் ஆளில்லை.

"என்ன அண்ணி, பல்லைக் கடிச்சா ஷூ வித்துருமா?"

நாத்தனார். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் ஒன்பது வருடமாக வேலை. வீட்டில் அவளுக்குப் பெயரே சில்லறைதான். ஷிஃப்ட் முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"வா சில்லறை. உங்கண்ணன் பட்டறைக்குப் பூட்டு வாங்கிட்டு வந்தியா?"

"பூட்டற அளவுக்கு என்ன இருக்கு? ஷூ அழகா இருக்கு. தைச்ச ஆளோட மூஞ்சியைப் படத்துல போடல, அதுவே பெரிய புத்திசாலித்தனம்."

"காதுல விழுது," என்றது உள்ளேயிருந்து சுத்தியல் சத்தத்தோடு ஒரு குரல்.

சில்லறை தன் போனில் நாட்டை மாற்றிக்கொண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் மாதிரி கடைக்குள் நுழைந்தாள். நீல ஷூ. அளவு. அடுத்த பக்கம். கடைசிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அண்ணி, வாசல்ல என்ன விலை?"

"அம்பத்தெட்டு. அவங்க பணத்துல."

"கல்லாவுல?"

அவள் எட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஐம்பத்தெட்டு இல்லை. நம்மூர்ப் பணத்தில் நாலு இலக்கம், பூதாகாரமாக.

"ரெண்டும் ஒண்ணுதானே, கணக்குப் போட்டா..."

"அவங்க ஏன் கணக்குப் போடணும்? போர்டுல ஒரு நம்பர், ரசீதுல வேற நம்பர்னா எங்க கவுண்டர்ல யாரும் கத்த மாட்டாங்க அண்ணி. பாஸ்போர்ட்டைப் பையில வெச்சுக்கிட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க."

அவளுக்குக் காது சூடானது. போன வாரம் ராப்பகலாகப் போட்ட உழைப்பு, வாசலில் ஒன்று சொல்லி உள்ளே வேறு கேட்டிருக்கிறது. அந்த ஆறு பேரும் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்?

சில்லறை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்துக்குப் போன் போட்டு, நாற்பது நிமிடம் விடாமல் பேசி, வாங்குகிறவர் பணத்திலேயே வசூலிக்கும் வசதியைத் திறக்க வைத்தாள். பிறகு பதினான்கு நாடுகளுக்கும் விலையை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இந்த நாட்டுல நம்ம பைசா மாதிரி சில்லறையே கிடையாது, புள்ளி வெக்காதீங்க. இவங்களுக்கு வரி சேர்ந்ததுதான் விலை, தனியாக் காட்டினா சந்தேகம் வந்துரும். அறுபத்தொண்ணு புள்ளி எட்டு ஏழா? யாரு அண்ணி அப்படி விலை சொல்வாங்க? அறுபத்திரண்டு போடுங்க."

எதையும் பார்த்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நொடி கண்ணை மூடினாள். எதிரே வரிசை வந்து நிற்கிறது போலும். நோட்டு எண்ணுகிற வேலை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இவள் முகங்களையல்லவா படித்திருக்கிறாள்!

"ரேட்டு தினம் மாறுமே?"

"வாரத்துக்கு ஒருதடவை மாத்துவோம். இன்னைக்குப் பாத்தவங்க வீட்டுல கலந்து பேசிட்டு நாளைக்கு வருவாங்க. அதே நம்பர் நிக்கணும்."

கணவன் தோல் வெட்டும் கத்தியோடு வாசலில் வந்து நின்றான். "நடுவுல ரேட்டு விழுந்தா நஷ்டம் யார் தலையில?"

"உன் தலையிலதான்ணே. நம்மள நம்பாமப் போனா அது மட்டும் யார் தலையில?"

அவன் யோசித்தான். "சரி, என் தலை பெருசுதான்," என்று உள்ளே போனான்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியின் மெயில் முகவரி இருந்தது. மகனுக்காக விசாரித்து எழுதியிருந்த ஒரு தாய். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு அவள் அரைப் பக்கம் எழுதினாள். பட்டறையின் கஷ்டம், திங்கட்கிழமை, எல்லாம் வந்துவிட்டது. சில்லறை படித்துவிட்டு இரண்டு வரியைத் தவிர மற்றதை அழித்தாள். "தப்பு எங்களுது. இனி நீங்க பாக்கற விலைதான் கட்டற விலை. போதும் அண்ணி. நம்ம அழுகையை எல்லாம் அவங்க ஏன் சுமக்கணும்?"

வெள்ளி காலை பல் தேய்த்துக்கொண்டே மெயிலைத் திறந்தாள். பன்னிரண்டாவது ஜோடி. கட்டிய தொகை, ஐம்பத்தெட்டு. கூடவே, பையனின் பாதங்களைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்த படம்.

அதை அச்செடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"இன்னும் மூணு," என்றாள்.

"மூணு நாளும் இருக்கு," என்றான் அவன், தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி. இடது பாதம் நன்றாகவே சின்னது. குதிகாலிலிருந்து நேராக ஏறிய கோடு, சுண்டுவிரல் பக்கம் வந்ததும் தடுமாறி, நெளிந்து, வெளியே ஓடித் திரும்பியிருந்தது. பையனுக்குக் கூச்சம் தாங்கவில்லை போல. கணவன் அந்த நெளிவின் மேலேயே விரலை வைத்து, மெதுவாக, ஒரு முறை சுற்றி வந்தான்.