எஞ்சினுக்குச் சொன்ன விலை

பதுளைக் கடைவீதியில் அலவி பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வாப்பா காலத்தில் சைக்கிளும் தையல் மெசினும் விற்ற கடைதான் அது. வெளிநாட்டுச் சாமான் இறக்குவதை அரசாங்கம் இறுக்கிப் பிடித்த பிறகு, புதியது கிடைக்காத ஊரில் பழையதற்கு வந்த மவுசைப் பார்த்து அலவி கடையை அப்படியே திருப்பிக்கொண்டார். எழுபத்து மூன்றாம் ஆண்டில் துருப்பிடித்த தண்ணீர்ப் பம்புக்குக்கூட மூன்று பேர் வந்து விலை கேட்டார்கள்.

கடையின் பின்முற்றத்தில், பலா மரத்தடியில், தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் எஞ்சின் கிடந்தது. உலக யுத்தத்துக்கு முந்திய ஒஸ்டின். வாப்பா ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய கார். காரின் உடம்பு துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கதவுகளை ஒருவர் கொண்டுபோனார், சீட்டுகள் ஒரு சலூனுக்குப் போயின. எஞ்சின் மட்டும் மிஞ்சியது. பாசத்தால் மிஞ்சியது என்று அலவி மற்றவர்களிடம் சொல்வார். உண்மை அதுவல்ல. அதில் ஒரு வெடிப்பு இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் மனைவி ஜெனீராவோடு பண்டாரவளைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போகும்போது, தெமோதரை ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் அலவி பக்கத்து ஓடையில் தண்ணீர் அள்ளி, கொதிக்கிற எஞ்சினுக்குள் அப்படியே ஊற்றினார். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் ஓடும் பக்கச் சுவரில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்திருந்தது. ஒரு மெக்கானிக் அதை ஏதோ பசை வைத்து அடைத்து, மேலே பச்சைப் பெயின்ட் பூசிக் கொடுத்தான். "கொஞ்ச தூரம் ஓடும். நாள் முழுக்க ஓட்டினா விட்டிரும்" என்றும் சொல்லியனுப்பினான்.

அந்த எஞ்சினைத் தேடித்தான் தனலெட்சுமி மடுல்சீமையிலிருந்து வந்தாள். அவளுடைய புருஷன் அங்கே கடைத்தெருவில் சின்னதாக ஒரு அரவை மில் வைத்திருந்தார். போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனார். கல்லும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. அவற்றை இழுத்த எஞ்சின் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. கோதுமை மா கிடைக்காத காலம். தோட்டத்துச் சனம் சோளத்தையும் குரக்கனையும் மூட்டை கட்டிக்கொண்டு பசறைக்கு பஸ் ஏறி அரைத்துவர வேண்டியிருந்தது. மடுல்சீமையிலேயே மில் ஓடினால் அவளுக்கும் பிழைப்பு, சனத்துக்கும் உதவி.

கூட அவளுடைய தம்பி கணபதி வந்திருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் அறையில் எடுபிடியாக நின்றவன். அக்காவுக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

அலவி தார்ப்பாயை விலக்கினார். கணபதி கைப்பிடியைச் செருகி இரண்டு சுற்றுச் சுற்ற, எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பிய பிறகு சீராக, தாளம் பிசகாமல் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்க அலவிக்கே பெருமையாக இருந்தது. கணபதி குனிந்து சுற்றிலும் தடவிப் பார்த்தான். பச்சைப் பெயின்ட் மேல் அவன் விரல் நின்றது.

"இந்தப் பக்கத்துல மட்டும் பெயின்ட் அடிச்சிருக்கே, மொதலாளி?"

"துரு புடிக்காம ஈக்கட்டும்னுதான், தம்பி."

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. வாய் தானாகச் சொன்னது. சொன்னதைத் திருத்துவதற்கும் நேரம் இருந்தது. கணபதி எஞ்சினை நிறுத்தி, கையைத் துடைத்து, அக்காவைப் பார்த்துத் தலையாட்டும் வரைக்கும் நேரம் இருந்தது.

"எங்களுக்கு வெலயெல்லாம் தெரியாதுங்க. ஒங்க வாப்பாகிட்டதான் எங்க வீட்டுக்காரரு தையல் மெசின் எடுத்தாரு. நீங்களே ஒரு வெல சொல்லுங்க, மொதலாளி" என்றாள் தனலெட்சுமி.

மத்தியான லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து சொல்வதாக அலவி அவர்களை உட்காரச் சொன்னார்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது அவர் மனம் கணக்கிலேயே இருந்தது. இரும்பாக நிறுத்துப் போட்டால் இருநூற்றைம்பது. வெடிப்பைச் சொல்லி, ஒட்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தால் நானூறு. நல்ல எஞ்சின் என்றால் இந்தப் பஞ்சத்தில் ஆயிரத்தைந்நூறு கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். அலவிக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மச்சான் ஒருவர் வெலிமடையில் ஒரு ஓட்டைப் பம்பை உருளைக்கிழங்குத் தோட்டக்காரருக்குத் தள்ளிவிட்டு, பெருநாளன்று சபையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அவர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் விற்கிறார்கள், நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற எரிச்சல்.

"ஆயிரத்து நானூறு குடுங்க, தங்கச்சி" என்றார். நூறு ரூபாயைக் குறைத்ததில் மனச்சாட்சிக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டது போலிருந்தது.

புருஷன் முன்பு தோட்டத்தில் வேலை செய்த காலத்துச் சேமலாபப் பணமும் ஒரு சோடி வளையல் விற்ற காசுமாக அவள் எண்ணிக் கொடுத்தாள். எஞ்சின் லொறியில் ஏறியது. லொறி போன பிறகு ஜெனீரா கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த திரையருகே வந்து நின்றாள்.

"அந்த வெடிப்பச் சென்னீங்களா?"

"அவங்க கேக்கல்லயே."

அன்று அவர் சாப்பிடும்போது ஜெனீரா எதிரே உட்காரவில்லை.

இரண்டு மாதம் போலக் கழிந்திருக்கும். மழை நாள். கடைக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒரு பெண் வெகுநேரமாக நனைந்துகொண்டு நிற்பதை அலவி கண்டார். உள்ளே வரத் தயங்கியது தனலெட்சுமி என்று தெரிந்தது. சண்டை பிடிக்க வந்திருக்கிறாள். கடையில் வேறு இரண்டு பேர் சாமான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவசர அவசரமாக யோசித்தார்.

அவள் உள்ளே வந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒங்க மொகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு, மொதலாளி. நல்ல சாமானக் குடுத்தீங்க. நாங்க கெடுத்துப்புட்டோம்."

அலவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மில்லு நல்லாத்தான் ஓடிச்சி. நாலு தோட்டத்துச் சனம் வந்துச்சி. போன வாரம் திடீர்னு இறுகி நின்னுபோச்சி. உள்ள தண்ணியே இல்லாம காஞ்சி கெடக்கு. பசறையில இருந்து ஒரு மெக்கானிக்கு வந்து பாத்துட்டு, தண்ணி பாக்காம ஓட்டி வெடிக்க வச்சிட்டீங்கன்னாரு. தம்பிதாங்க பாத்துக்கிட்டான். இல்லக்கா, நான் தண்ணி ஊத்தித்தான் ஓட்டுனேன்னு அழுவுறான். பொய் வேற சொல்லுறியான்னு கடத்தெருவுல வச்சி அவன அடிச்சிட்டேன். அப்பப் போனவன்தான், இன்னும் வீட்டுக்கு வரல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மில்லு எடத்துக்கு வாடகை நிக்கிது. அத இரும்பு வெலைக்காவது எடுத்துக்குவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க என்ன வெல போட்டாலும் சரி."

மறுபடியும் அதே எஞ்சினுக்கு அவர் விலை சொல்ல வேண்டியிருந்தது. கடையில் நின்ற இருவரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு இவர்கள் பக்கம் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தை அலவியின் தொண்டைக்குள் வந்துவிட்டது. 'அத நீங்க கெடுக்கல்ல, நான் கெட்டதத்தான் தந்தேன்.' அவ்வளவுதான். அந்த இருவரும் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன் என்று பின்னால் பல நாள் அவர் தன்னிடமே வாதாடினார். அதுவும் உண்மைதானா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

"ஆயிரத்து நானூறுக்கே எடுக்கிறன்" என்றார்.

"என்னங்க?"

"குடுத்த வெலைக்கே எடுக்கிறன். லொறிக்கூலியும் நான் தாறன்."

தனலெட்சுமி அவரையே பார்த்தாள். பிறகு, அவர் தடுப்பதற்குள், ஈரச் சீமெந்துத் தரையில் விழுந்து அவரைக் கும்பிட்டாள். "எங்க தப்புக்கு நீங்க நட்டப்படுறீங்களே, மொதலாளி. எங்க கொலசாமி மாதிரி" என்று அழுதாள். அலவி பின்னால் நகர்ந்தார். மேசை இடித்தது. அதற்கு மேல் நகர இடமில்லை.

"இந்தக் காலத்துல இப்படியும் ஒரு வியாபாரியா" என்றார் நின்றவர்களில் ஒருவர். திரைக்குப் பின்னால் ஜெனீராவின் வளையல் சத்தம் கேட்டது, பிறகு உள்ளே போகும் காலடி.

கதை கடைவீதி முழுக்கப் பரவியது. பள்ளிவாசலில் மற்றவர்கள் நகர்ந்து முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். பழைய சாமானோடு வந்தவர்கள், "நீங்க சொல்றதுதான் வெல" என்று சாமானை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒவ்வொருவர் சொல்லும்போதும் அலவிக்குக் காது மடல் சுட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, எனக்கும் லாபமில்லை, இனி என்ன என்று எவ்வளவு சொல்லிப் பார்த்தும், அடிவாங்கி அழுதவனின் முகம் அவர் முன்னால் வந்து நின்றது. அந்த அழுகையை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

ஒருநாள் சந்தைக்கென்று பண்டாரவளைக்குப் போனார். மரக்கறி லொறிகள் நிற்கும் இடத்தில், லீக்ஸ் மூட்டையைத் தோளில் சுமந்து போன ஒருவன் அவரைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பி லொறிக்குப் பின்னால் ஒதுங்கினான். கணபதி. இளைத்துப்போயிருந்தான். அலவி சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றார்.

கணபதி மூட்டையை இறக்கிவிட்டுக் கையைக் கட்டினான். "மன்னிச்சிருங்க, மொதலாளி. ஒங்க சாமானக் கெடுத்துட்டேன். ஆனா சத்தியமா நான் தண்ணி ஊத்தினேங்க. எங்க தப்பு நடந்துச்சின்னு யோசிச்சி யோசிச்சிப் பாக்குறேன், வெளங்கவே இல்ல."

"நீ ஊத்தினது எனக்கித் தெரியும்" என்றார் அலவி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அது ஒன்னால ஒடையல்ல, தம்பி. நான் தரும்போதே வெடிச்சிருந்திச்சி. அந்தப் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் துருவுக்கு அடிச்சதுன்னு சென்னேன்."

கணபதி கோபப்படுவான் என்று அவர் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அவனோ தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அன்று அந்தப் பெயின்ட்டைத் தொட்ட கையை.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது."

இருவரும் பதுளைக்கு வந்து, அங்கிருந்து மடுல்சீமை பஸ்ஸில் ஏறினார்கள். ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வளைவுகளில் பஸ் சாயும்போது தன் தோள் அவன்மேல் பட்டுவிடாமல் அலவி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கொண்டக்டர் வந்ததும் அவருடைய டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கணபதியே காசு கொடுத்தபோது, அதைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தனலெட்சுமி மில் கொட்டகையைப் பூட்டிவிட்டு, வாசலில் கொழுந்துக் கூடைகளுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் எழுந்தாள். பின்னால் வந்த அலவியைக் கண்டு அவசரமாக ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மொதலாளி, இருங்க. இவன நீங்கதான் தேடிக் கூட்டியாந்தீங்களா?"

அலவி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தெமோதரை ஏற்றத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். மச்சானின் சிரிப்பைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தார். அது சாக்குச் சொல்வது போலிருந்ததால் விட்டுவிட்டார்.

"தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"நான் கடையில நின்னு அழுதப்பவும் ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பி அவன் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட இடம் அவள் அறைந்த இடமாக இருக்க வேண்டும். பிறகு அலவியிடம் சொன்னாள்:

"காசத் திருப்பித் தந்துட்டீங்க. அன்னைக்கி ஒங்க கால்ல விழுந்து கும்புட்டேனே, மொதலாளி. அத எப்புடித் திருப்பித் தருவீங்க?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. "வாடா, சாப்புட்டியா" என்று கணபதியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். துடைத்துப் போட்ட பலகை வெறுமையாகக் கிடந்தது.

பஸ் வர நேரமிருந்தது. குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் அலவி ஒதுங்கினார். பதுளைக்குச் சாமான் எடுக்க வந்துபோகும் கடைக்காரர் அவரை அடையாளம் கண்டு, கிளாசைச் சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவி, சாயம் கூட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு அலவி சில்லறையை நீட்டியதும் கையை ஆட்டி மறுத்தார்.

"ஒங்ககிட்ட காசு வாங்குவேனா? மில்லுக்காரம்மாவுக்கு நீங்க செஞ்சத இந்த மலையே பேசுது."

பெஞ்சில் இருந்த இரண்டு தொழிலாளிகளும் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பேசாமல் எழுந்து போய்விடலாம். பஸ்ஸின் சத்தம் கீழ் வளைவில் கேட்கத் தொடங்கியிருந்தது.

"அந்தக் கதை அப்படி இல்ல" என்றார் அலவி.

ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இருக்கவில்லை. இவர்கள் யாருக்கும் அவர் கடன்பட்டவர் அல்ல என்பதால் இன்னும் கூசியது. அவர் சொல்லி முடிக்கும் வரை கடைக்காரர் கெண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அலவி சில்லறையைப் பலகைமேல் வைத்தார்.

கடைக்காரர் கெண்டியைக் கீழே வைத்தார். காசை எடுத்துத் தகர டப்பாவுக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றத் திரும்பினார்.