வளையும் பலகை

யோனாஸ் ஊருக்குப் போகும்போது ஏறி நின்று ஓடுகிற தன் சக்கரப் பலகைகள் இரண்டையும் எங்கள் அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போனான். சுனாமி நிவாரண வேலைக்காக மட்டக்களப்புக்கு வந்த சுவிஸ்காரன் அவன். நான் அவனுடைய மொழிபெயர்ப்பாளன். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. ஆமிக்கும் இயக்கத்துக்கும் இடையில் சமாதானம் கடதாசியில் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ஒன்று உனக்கு, மற்றது கதிருக்கு" என்றான். கதிர்காமத்தம்பி என் கூட்டாளி. தன்னாமுனையில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த வளவு. வாவிக்கரை வீதியில் யோனாஸிடம் பலகை ஓடப் பழகியது நாங்கள் இருவரும்தான்.

ஒரு பலகை தடித்தது, விறைப்பானது, தரைக்குக் கிட்டத் தாழ்ந்தது. கால் பதிய நடுவில் பள்ளம். சக்கரம் கல்லுப்போல. சரிவில் வேகமாக வரும்போது அதைக் குறுக்கே திருப்பினால் சறுக்கிச் சறுக்கியே வேகத்தைக் குறைத்துவிடும். மற்றது மெல்லியது. ஏறி நின்றால் வளைந்து துள்ளும், சக்கரமும் மெத்தென்று இருக்கும். "இது சமதரைக்கு மட்டும். சரிவில் கொண்டுபோனால் உதறி எறிந்துவிடும்" என்று யோனாஸ் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தான். கதிருக்கு ஆங்கிலம் ஓடாது.

கையுறையும் ஒரு சோடிதான் இருந்தது. சறுக்கும்போது கையைத் தரையில் ஊன்றுவதற்காக உள்ளங்கையில் பிளாஸ்டிக் வட்டு வைத்தது.

"எது மச்சான் எனக்குச் சரி?" என்று கதிர் கேட்டான்.

"நீ பாரம் குறைவு. உனக்கு வளையிற பலகைதான் சரி."

"நீ சொன்னாச் சரி" என்று அதை எடுத்து மடியில் வைத்துத் தடவினான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நல்ல பலகையை மாறி மாறி ஓடுவோம் என்பான். எனக்கு அது முழுதாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வாழைச்சேனைக்கு அப்பால் இருந்த கல்மலைக்குப் போனோம். உச்சியில் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது தார் போட்ட ஒடுங்கிய வீதி, இரண்டு வளைவு. நான் முதலில் இறங்கினேன். வளைவுகளில் கையை ஊன்றிச் சறுக்கி, அடிவாரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் வளைவில் கதிரின் பலகை நடுங்கத் தொடங்கியது. அடுத்த கணம் அவன் தாரில் உரசிக்கொண்டு வந்தான். இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் தோல் இல்லை. வலது தோள் கன்றிப் போயிருந்தது.

"நான்தான் இன்னும் பழகல்ல" என்று சிரித்தான்.

"ஓம், பழகப் பழக வரும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் பஸ்ஸில் மட்டக்களப்பு ரவுணுக்குப் போனோம். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் கதிரின் முழங்கையைக் கண்டான். காற்சட்டையை உயர்த்தி முழங்காலைப் பார்த்தான். சட்டையை விலக்கித் தோளையும் பார்த்தான். இயக்கத்தில் ஊர்ந்து பயிற்சி எடுத்த காயம், சுடும்போது துவக்கு உதைத்த கன்றல் என்பது அவன் கணக்கு. கதிரை வரிசையிலிருந்து இழுத்தான்.

"பலகையால விழுந்தது எண்டு நீ சொல்லன் மச்சான்!" என்று கதிர் என்னைப் பார்த்துக் கத்தினான்.

சிப்பாய் என்னிடம் திரும்பி, இவனைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஒரே ஊர். முகம் மட்டும் தெரியும்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

கதிருக்குச் சிங்களம் தெரியாது. தனக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்தான். நன்றியோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவனுடைய தாய் சீதேவிப்பிள்ளை அலுவலக வாசலுக்கு வந்தா. கதிரை இன்னும் விடவில்லை.

"அண்டைக்கு நீ அவனுக்காகக் கதைச்சியாம் மனே, பஸ்ஸில வந்த சனம் சொல்லிச்சு. உனக்குப் புண்ணியம் கிடைக்கும். இன்னொருக்கா வந்து கதையன்."

அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பலகைகளையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு அவவோடு ஆமி முகாமுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அங்கிருந்த அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் பலகைகளைப் புரட்டிப் பார்த்தார். ஓடிக் காட்டச் சொன்னார். முற்றத்தில் ஒரு சுற்று ஓடி வந்தேன். பிறகு என் கைகளைப் பிடித்து முழங்கையைப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை.

"ஒரே நாள், ஒரே சரிவு. உனக்கு ஏன் காயமில்லை?"

வேறு வழியில்லை. "அவனுடைய பலகை சரிவுக்கு ஆகாது சேர். அது எனக்குத் தெரியும். நல்லதை நான் எடுத்துக்கொண்டேன். கையுறையையும்."

அவர் கதிரைக் கூட்டிவரச் சொன்னார். அவன் உதடு வீங்கியிருந்தது. "இப்போது சொன்னதை அவனுக்குத் தமிழில் சொல்" என்றார்.

எத்தனையோ பேருடைய பேச்சை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அன்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது என் பேச்சை. தாயும் பக்கத்தில் நிற்க, சொல்லி முடித்தேன். கதிர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மெத்தென்ற சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தான்.

அவனை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் சீதேவிப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டா. கதிர் மெல்லச் சொன்னான்: "பலகைய விடு. அண்டைக்கு அந்த ஆமிக்காரனிட்ட எனக்காகக் கதைச்சாய்தானே."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிய வந்திராது.

"இல்ல மச்சான். முகம் மட்டும் தெரியும் எண்டுதான் சொன்னன்."

சீதேவிப்பிள்ளையின் கை என் கையை விட்டது. கதிர் வீதியைப் பார்த்தான். "பஸ் வருது, வாங்கம்மா" என்றான். இருவரும் ஏறினார்கள். எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.

அடுத்த நாள் நல்ல பலகையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். படலையைத் திறக்காமலே, "எனக்கு வேணாம். நீ ஓடு" என்றான். குரலில் கோபம் இருக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வருடம் அவன் கத்தாருக்குப் போனான். போய் நாலு நாள் கழித்துத்தான், கடையில் நின்ற யாரோ எனக்கு அதைச் சொன்னார்கள்.