ஆறு பத்துச் சிரிப்பு

கார்ட்டூனிஸ்ட்டின் வீட்டுச் சமையலறையில் தினமும் காலை ஆறு பத்திலிருந்து எட்டரை மணிவரை, அங்கே இல்லாத ஆட்கள் சிரித்தார்கள். அவர் பத்திரிகையில் சேர்ந்த மூன்றாவது வாரம் அது தொடங்கியது. அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம். அலமாரிக்குள் ஓர் ஆண்குரல் சிரித்ததும் மனைவி கரண்டியோடு போய்க் கதவைத் திறந்தாள், டப்பாக்கள்தான் இருந்தன. ஒரு வாரத்தில் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. யார் எங்கே அவர் வரைந்த படத்தைப் பார்த்துச் சிரித்தாலும் சத்தம் இவர்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. நகரத்துச் சிரிப்பு ஏழு மணிக்குள் முடியும். பஸ்ஸில் பத்திரிகை போகும் ஊர்களின் சிரிப்பு எட்டுக்குமேல் வரும். முடிதிருத்தும் கடைகளிலிருந்து மட்டும் மொத்தமாக வரும். படம் சுமாராக இருந்தால் அவள் குறை சொல்ல மாட்டாள். "இன்னைக்கு பால் பொங்குற சத்தம் நல்லா கேக்குது" என்பாள். அவர் சாப்பிடாமலே ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். கீழ்வீட்டுப் பல் டாக்டர் முதல் வருஷம் புகார் சொன்னார். பிறகு, மகளுக்குப் பரீட்சை நடக்கும் வாரங்களில் மட்டும் கொஞ்சம் சீரியஸாக வரையும்படி கேட்டுக்கொண்டார். கார்ட்டூனிஸ்ட்டும் அப்படியே செய்தார்.

எல்லாச் சிரிப்புக்கும் முன்னால், சரியாக ஆறு பத்துக்கு ஒன்று வரும். கிளம்பாத ஸ்கூட்டரை உதைப்பதுபோல மூன்று முறை இழுத்து, நான்காவதில் பிடித்துக்கொண்டு ஓடும் சிரிப்பு. சாலைத்துறை அமைச்சரைப் பற்றிய படமென்றால் அது அடங்க ஐந்து நிமிடமாகும். அந்த அமைச்சரைக் கார்ட்டூனிஸ்ட் ஒன்பது வருஷமாக வயிற்றில் பெரிய பள்ளத்தோடு வரைந்துவந்தார். பள்ளத்தில் லாரி விழும், கல்யாண ஊர்வலம் விழும், ஒருமுறை சட்டசபையே விழுந்தது. முகம் தெரியாத அந்த ஸ்கூட்டர் ஆளை மனதில் வைத்துத்தான் அவர் ஒவ்வொரு படத்தின் கடைசிக் கோட்டையும் இழுத்தார்.

ஒன்பதாம் வருஷக் கடைசியில் அமைச்சருக்குப் பொறுமை போனது. பத்திரிகைக்கு வந்துகொண்டிருந்த அரசு விளம்பரங்கள் நின்றன. ஆசிரியர் நல்ல மனுஷர். மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தபடியே பேசினார். "ஒரு வாரம் மரம், பறவைன்னு ஏதாவது போடுங்களேன்." கார்ட்டூனிஸ்ட் மரம் போட்டார். மறுநாள் பறவை போட்டார். மூன்றாம் நாள் மரத்தின்மேல் பறவையைப் போட்டார். நான்காம் நாள் ஆறு பத்துக்கு ஸ்கூட்டர் மூன்று முறை இழுத்துப் பார்த்து, நின்றுவிட்டது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். "அந்த மனுஷன் எவ்வளவு ஆசையா பேப்பரைத் திறந்திருப்பாரு!"

அமைச்சர் அதோடு விடவில்லை. நேரில் வந்து மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்ல ஆள் வந்தது. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற ரகம் தன் கணவர் என்பதால் மனைவியும் கூடப் போனாள். அமைச்சர் அரைமணி நேரம் கத்தினார். பிறகு வெள்ளைத்தாள் வந்தது. கார்ட்டூனிஸ்ட் 'மதிப்பிற்குரிய' வரை எழுதினார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வார்த்தை வராதபோது அவர் கை தானாக ஓரத்தில் கிறுக்கும். அமைச்சர் தாளைப் பிடுங்கினார். தன் வயிற்றுப் பள்ளத்துக்குள் தானே தலைகீழாக விழுந்துகிடந்து, அங்கிருந்தபடியே ரோடு போடச் சொல்லி மனு நீட்டுவதைப் பார்த்தார். உதடு துடித்தது. ஒருமுறை இழுத்தது. இரண்டு. மூன்று. நான்காவதில் பிடித்துக்கொண்டது.

"அட, நீங்கதானா!" மனைவி எழுந்தேவிட்டாள். "தினமும் காலையில எங்க அடுப்படியில சிரிச்சிட்டு, இங்க உக்காந்து மன்னிப்பு எழுதச் சொல்றீங்களா? வெக்கமா இல்ல?"

அமைச்சர் உதவியாளரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "குழாயைத் திறந்துவிட்டுட்டுத்தாம்மா சிரிப்பேன்," என்றார் தாழ்ந்த குரலில். "எங்க வீட்டுலயே யாருக்கும் தெரியாது. உங்களைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

"கீழ்வீட்டு பல் டாக்டருக்கு."

"அவர் வெளிய சொல்லாம இருக்கணும்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க தெரு முனையில ஒரு பள்ளம் இருக்கு."

பள்ளம் நான்கு நாளில் மூடப்பட்டது. அமைச்சரின் பதவிக்காலத்தில் சொன்ன தேதிக்குள் முடிந்த ஒரே சாலைப் பணி அதுதான். விளம்பரங்கள் திரும்பி வந்தன. மரமும் பறவையும் போய்ச் சேர்ந்தன. அடுத்த தேர்தலில் அமைச்சர் தோற்று, அரசு பங்களாவைக் காலி செய்து மகன் வீட்டுக்குப் போனார். மாமனாரைக் கிண்டலடித்த பத்திரிகை என்று மருமகள் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த அமைச்சர், ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கார்ட்டூனிஸ்ட் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். மனைவி அடுப்படியிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

அவர் பத்திரிகையை விரித்துச் சிரித்தார். சிரிப்பு இரண்டாகக் கேட்டது: ஒன்று அவர் வாயிலிருந்து, கொஞ்சம் பின்னால் இன்னொன்று அலமாரியிலிருந்து. தன்னுடையதை நிறுத்திவிட்டு மற்றதைக் கடைசிவரை கேட்டார்.

"என்னோடதா இது? இவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"எங்களுக்குப் பழகிடுச்சுங்க," என்றபடி அவள் பாலை இறக்கினாள்.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். புதிய சாலைத்துறை அமைச்சரின் வயிற்றுப் பள்ளம் படத்தில் பாதியை அடைத்திருந்தது. பார்த்தவர் முகம் வாடிவிட்டது. பல் தேய்த்துக்கொண்டே எட்டிப்பார்த்த கார்ட்டூனிஸ்ட்டிடம், "ஏன் சார், அவனுக்கு என்னைவிடப் பெரிய பள்ளமா?" என்று கேட்டார். கார்ட்டூனிஸ்ட் நுரையைத் துப்பிவிட்டு, இருவரின் ரோட்டையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் வரைந்ததாகச் சொன்னார். அதற்குள் ஆறேகால் ஆகியிருந்தது. நகரம் சிரிக்கத் தொடங்கியது. முன்னாள் அமைச்சர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழிவிட்டார்.