மஞ்சத்தண்ணி பட்ட அலமாரி

"அவ அடுப்படிக்குள்ள கால வச்சா, இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

வள்ளி இதைத் தன் மருமகளிடம்தான் சொன்னாள். ஆனால் யாரைப் பற்றிச் சொன்னாளோ அந்த அன்னக்கொடி, மூன்றடி தள்ளிப் பின்வாசலில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாள். தாண்டிக்குடி காலனியிலிருந்து தச்சு வேலைக்குப் போகிற ஒரே பெண் அவள். பெருமாள்மலையில் ஒரு விடுதிச் சமையலறைக்கு அவள் செய்திருந்த அலமாரியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் மருமகள் சண்முகப்பிரியா அவளை வரச் சொல்லியிருந்தாள்.

சண்முகப்பிரியா மாமியாரோடு வாதாடவில்லை. நாடாவை வாங்கிக்கொண்டுபோய்ச் சுவரைத் தானே அளந்துகொண்டு வந்தாள்.

தோட்டத்தில் சாய்ந்த பலா மரத்தை அறுத்து, பதினெட்டு நாள் கொல்லையில் உட்கார்ந்து அன்னக்கொடி வேலை செய்தாள். அரிசிக்குப் பெரிய அறை, பருப்புகளுக்கு இழுப்பறைகள், எலி மோப்பம்கூடப் பிடிக்க முடியாதபடி நெருக்கமாகப் பொருந்துகிற கதவுகள். முடிந்த பிறகுதான், அலமாரி அப்படியே அடுப்படி வாசலில் நுழையாது என்பது வீட்டாருக்கு உறைத்தது. பிரித்துக் கொண்டுபோய் உள்ளேதான் பொருத்திப் பூட்ட வேண்டும். வள்ளியின் மகன் செந்தில்வேல் தானே பூட்டிவிடுவதாகச் சொல்லி ஒரு காலைப் பொழுது முழுவதும் போராடி, கதவுகளைத் தலைகீழாக மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

அன்னக்கொடி உள்ளே வரட்டும் என்று வள்ளி வாயால் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிப் போனாள். அந்த அரை நாளில் அன்னக்கொடி உள்ளே வந்து எல்லாவற்றையும் பூட்டி முடித்தாள். மரத்துக்கு இன்னும் எண்ணெய் பூசவில்லை, ஒரு வாரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மருமகள் ஆசையாகச் சாமான்களையெல்லாம் அடுக்கினாள்.

திரும்பி வந்த வள்ளி நாலு குடம் மஞ்சள் தண்ணீர் கரைத்தாள். தரைக்கு, சுவருக்கு, கடைசியில் அலமாரிக்கும் உச்சியிலிருந்து ஊற்றினாள்.

வெளியே அடைமழை. மறுநாள் காலையில் மரம் ஊதி, ஒரு கதவும் திறக்கவில்லை. செந்தில்வேல் இழுத்த இழுப்பில் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அரிசி, பருப்பு, சர்க்கரை, காப்பித்தூள் எல்லாம் உள்ளே. ஊரெல்லாம் காப்பிக்கொட்டை அனுப்புகிற வீட்டில் வள்ளிக்கு ஒரு டம்ளர் காப்பி இல்லை. அவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சண்முகப்பிரியா குறுக்கே நின்றாள். இரண்டாம் நாள், தலைவலிக்குத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்த வள்ளியே அன்னக்கொடிக்குப் போன் போடச் சொன்னாள்.

அன்னக்கொடி இழைப்புளியோடு வந்தாள். அடுப்படி வாசலில் நின்றபடியே அலமாரியில் வழிந்து காய்ந்திருந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்தாள். வள்ளி அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதால், அவளே கேட்டாள்.

"நான் போனதும் இன்னைக்கும் கழுவுவீங்களாம்மா?"

வள்ளி சுவரைப் பார்த்தாள்.

"கோவத்துல கேக்கலம்மா. கழுவுறதுன்னா மரம் ஊத எடம் விட்டு இழைக்கணும். எடம் விட்டா எலி வரும். கழுவலைன்னா முன்ன மாதிரியே நெருக்கமா வச்சிரலாம். சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன செஞ்சிருவேன்."

சண்முகப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

வள்ளி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே அவளிடம் சொன்னாள்.

"எலி வராத மாதிரியே இழைச்சிரு."