ரோபோக்கள் சாப்பிடப் போகும் நேரம்

தம்பி கணினித் திரையை அக்காவின் பக்கம் திருப்பினான். வரைபடத்தில் ஒரு கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"பார்த்தியா? உன் பழைய கையேடுகளைப் போன மாசம் பூரா படிச்சவங்க எத்தனை பேர் தெரியுமா? முட்டை."

மரம் அறுக்கும் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளைச் செய்து விற்கும் சின்ன நிறுவனம் அது. அப்பா தொடங்கியது, இப்போது தம்பி நடத்துகிறான். ஒவ்வொரு பதிப்புக்கும் கையேடு எழுதியவள் அக்கா. முதல் பதிப்பு தொடங்கி அத்தனையையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படி இணையத்தில் வைத்துக் காத்துவருபவளும் அவள்தான். அன்று மாலை நிறுவனத்தின் புதிய தளம் திறக்கிறது. பழைய பக்கங்களுக்கு அதில் இடமில்லை.

"இருந்துட்டுப் போகட்டுமேடா. யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"யாருமே வராத கடைக்கு எதுக்கு விளக்கு?"

முன்மேசையில் இருந்த தம்பி மனைவி தலை நிமிராமல் சொன்னாள். "நம்ம கல்யாண ஆல்பத்தையும்தான் யாரும் பார்க்கிறதில்ல. அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுங்க."

"நீ சும்மா இரு."

அக்கா பேசாமலிருப்பது அந்த அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் போல எல்லோருக்கும் பழகிப்போனது. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருடமும் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தோமா? யாரும் படிக்கவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது தெரியாமலே ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துத் திருத்தியதை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, அந்தப் பக்கங்களுக்கு யார் வந்தாலும் உடனே ஒரு வரி விழும் திரையைத் திறந்தாள். வெறுமையாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

வரிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'ரோபோ' என்ற குறி.

ஆளில்லாமல் தானாகவே இணையத்தை மேய்கிற நிரல்கள். மூடப்போனவளை ஒரு வரி நிறுத்தியது. யாரோ மூன்றாம் பதிப்பில் பிளேடு மாற்றும் பக்கத்தைத் திறந்திருந்தார்கள். அடுத்த பக்கம் போனார்கள். திரும்பி முதலில் பார்த்த பக்கத்துக்கே வந்தார்கள். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி அதே பக்கம்.

நிரல் இப்படிப் படிக்காது. விளக்குமாறு போல இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே வீச்சில் போய்விடும். புரியாமல் திரும்பி வருவதும், எழுந்துபோய்ச் செய்துபார்ப்பதும், சரிவராமல் மறுபடி வந்து நிற்பதும் மனிதர்கள் செய்கிற காரியம். அந்த இடைவெளியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவள் அவள்.

கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் நெருங்க நெருங்க வரிகள் குறைந்தன. பிறகு ஒரேயடியாக நின்றன.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. அறையை விட்டு வெளியே ஓடிவந்தாள்.

"டேய், உன் ரோபோவெல்லாம் சாப்பிடப் போயிருக்குடா."

தம்பி கையில் பிசைந்த சோற்றோடு விழித்தான். அக்கா இவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"மரம் அறுக்கிற பட்டறைகள்ல மெஷினுக்குப் பக்கத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும்ல? ஓடுறதைக் கெடுப்பானேன்னு யாரும் அதைத் தொடுறதில்ல. அதுல இருக்கிற பிரவுசரும் அரதப் பழசு. எத்தனை பேர் வந்தாங்கன்னு கணக்குப் பார்க்கிற உன் நிரல் நேத்துப் பொறந்தது. தெரியாத முகத்தையெல்லாம் ரோபோன்னு வெளிய தள்ளியிருக்கு."

"ரோபோவுக்கும் சாப்பாட்டு நேரம் விட்டிருப்பாங்க, யார் கண்டா. ஆளுன்னா ஆளைக் காட்டு."

"காட்டுறேன்."

ஓடிப்போய்ப் பழைய பக்கங்கள் எல்லாவற்றின் தலையிலும் பெரிய எழுத்தில் சேர்த்தாள்: 'இந்தப் பக்கங்களை இன்று மாலை எடுத்துவிடப் போகிறோம். நீங்கள் ரோபோ இல்லை என்றால், உடனே அழையுங்கள்.' கீழே தம்பியின் கைபேசி எண்.

பிறகு காத்திருந்தாள். திரை அசையவில்லை. ஒருவேளை எல்லாம் தன் ஆசையோ? தம்பி கைகழுவிவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றான். கேலிசெய்ய வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் திரையைப் பார்த்தான்.

ஒரு வரி விழுந்தது. அடுத்தது. தம்பியின் சட்டைப்பையில் கைபேசி அலறியது.

"நான் தச்சனுங்க, ரோபோ இல்ல." பின்னால் ரம்பத்தின் இரைச்சல். "இதை எடுத்துட்டா நான் எதைப் பார்த்து பிளேடு மாத்துறது? நீங்க வந்து மாத்தித் தருவீங்களா?"

தம்பி பதில் தேடுவதற்குள் முன்மேசையில் அலுவலகத் தொலைபேசியும் அடித்தது. தம்பி மனைவி எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அண்ணி, அவர் நம்பர் கிடைக்கலைன்னு இங்கே வந்திருக்கு, அடுத்த ரோபோ. ரொம்பக் கோவமா இருக்கு."

அக்கா வாங்கிக் காதில் வைத்தாள். பெஞ்சுகள் செய்யும் பட்டறைக்காரி ஒருத்தி.

"இதை எழுதினது யாரும்மா?"

"நான்தான்."

"மூணாம் பதிப்புல பிளேடு படத்துல அம்புக்குறி தலைகீழா இருக்கு. சொல்லணும் சொல்லணும்னு எத்தனையோ வருஷமா நினைச்சிட்டிருக்கேன். எடுக்கிறதுக்கு முன்னாடி அதைச் சரிபண்ணுங்க. இல்ல, எடுக்கவே எடுக்காதீங்க."

அக்கா சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அவள் எழுதியதில் ஒருத்தி தப்புக் கண்டுபிடித்திருக்கிறாள். அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாள்.

அங்கே தம்பிக்கு முழி பிதுங்கிக்கொண்டிருந்தது. தச்சன் விடுவதாக இல்லை. "சரி, மாலைக்குள்ள எடுக்கப்போறீங்க, அதுக்குள்ள இதையாவது சொல்லுங்க. ரெண்டாவது ஸ்க்ரூவைக் கழட்டணுமா, வேண்டாமா?"

தம்பிக்குத் தெரியவில்லை. மனைவியின் கைபேசியைப் பிடுங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கத்தைத் திறந்தான். படித்தான். அடுத்த பக்கம் போனான். திரும்பி வந்து மறுபடி படித்தான்.

"தளர்த்தினாப் போதும், கழட்ட வேண்டாம்," என்றான். பிறகு அக்காவைப் பார்க்காமல், "இல்லீங்க, எடுக்கல. இங்கயேதான் இருக்கும்," என்றான்.

மாலை புதிய தளம் திறந்தது. அதன் முகப்பிலேயே பழைய கையேடுகளுக்கு வழி இருந்தது. அம்புக்குறியைத் திருத்திவிட்டு அக்கா அந்தக் கணக்கு வரைபடத்தை மறுபடி திறந்து பார்த்தாள். தரையில் கிடந்த கோடு ஓரிடத்தில் மட்டும் லேசாகத் தலைதூக்கியிருந்தது. ரோபோக்களைக் கழித்துப் போட்ட கணக்கின்படி பழைய பக்கங்களுக்கு அன்று ஒரே ஒரு வாசகர்.

அது தம்பி.