கை துடைத்த காகிதம்

பேரம் பேசாமல் வாங்கிய உப்பு காத்தாயிக்குக் கரிக்காது. ரஞ்சன்குடிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் அரங்கநாதன் நடத்திய ஓட்டலில் எச்சில் இலை அள்ளும் உரிமையையும் அவள் பேசித்தான் வாங்கினாள். ஓட்டலின் பின்பக்கத்தைப் பெருக்கிக் கழுவுவது அவள் வேலை. கூலிக்குப் பதில் இலை மொத்தமும் அவளுடைய செவலைப் பசுவுக்கு. ஏமாந்தது எதிராளிதான் என்று இரண்டு பேருமே நினைத்ததால் ஏற்பாடு ஆறு வருஷம் சிக்கலில்லாமல் ஓடியது.

இரண்டாயிரத்து மூன்றில் மழை பொய்த்தது. வைக்கோல்காரன் நகைக்கடைக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். செவலை எட்டு மாதச் சினை. அது கன்று போட்டுப் பால் கறந்தால்தான் காத்தாயி வீட்டில் அடுப்பு எரியும். புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

அந்தச் சித்திரையில் ஓட்டலில் கை துடைக்கிற வழி மாறியது. முன்பு குழாயடியில் ஒரே துண்டு தொங்கும். காலையில் வெள்ளை, மதியம் சாம்பார், சாயங்காலம் இன்ன நிறம் என்று சத்தியம் பண்ண முடியாது. அதைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அலசிய தண்ணீர் பின்னால் இருந்த புல்லையெல்லாம் கருக்கிவிட்டது. காரில் வந்த ஒருவர் துண்டைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ள, பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தினார்கள். கை காய்ந்தது, தலைப்புச் செய்தி உள்ளங்கையில் ஏறியது. பிறகு சூடான காற்று ஊதும் மிஷினோடு திருச்சி ஏஜெண்ட் வந்தான். கரண்டு போனால் ஜெனரேட்டரில் ஓடும் என்றான்.

"வேட்டியில தொடச்சுக்கிட்டுப் போறவன் கைய காயவைக்க நான் டீசல் கொளுத்தணுமா? போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார் அரங்கநாதன்.

கடைசியில் வெள்ளை டிஷ்யூ வந்தது, பாலிதீன் உறையில் கட்டுக்கட்டாக. சும்மா கிடைப்பதை ஒன்றோடு யார் நிறுத்துவார்கள்? கைக்கு நாலு தாள் உருவினார்கள். இரண்டு நாளில் துடைத்த தாளும் பிரித்த உறையுமாகக் குழாயடியில் வைத்திருந்த டிரம் நிறைந்து வழிந்தது.

காத்தாயி அதைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்கு வந்தாள். "மொதலாளி, இனிமே டிரம்மும் எனக்குத்தான்."

"அத வச்சு என்ன பண்ணப் போற? கல்யாணப் பத்திரிகை அடிக்கவா?"

"பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுல மாடு போஸ்டரத் தின்னுட்டுக் கன்னு போடலையா? இதுல மை கூட இல்ல. உப்பும் புளியும் ஒட்டியிருக்கு. நீங்க இதக் கொளுத்த தனியா ஆள் வைக்கணும். நான் அள்ளிட்டுப் போயிடுறேங்க."

"டிரம்மக் கழுவித் தரணும்."

"கழுவுறேன். மதியம் ஒரு சாப்பாடு போட்டுருங்க."

"சாம்பார் சோறு. பொரியல் கெடையாது."

ஜெயித்துவிட்ட நடையோடு வீட்டுக்குப் போனாள். செவலை காகிதத்தை நக்கி நக்கித் தின்றது. வைக்கோல் மிச்சம். முதல் நாலு நாள் பாலிதீன் உறைகளைப் பொறுக்கி எறிந்தாள். ஈரக் காகிதத்துக்குள் சுருண்டு கிடந்தவை கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு பொறுக்குவதையும் விட்டுவிட்டாள்.

வைகாசியில் ஒரு காலை செவலை அசைபோடவில்லை. இடது வயிறு கல்லாக இறுகியிருந்தது. நல்லெண்ணெய் புகட்டினாள், வெற்றிலையில் மிளகு வைத்துத் திணித்தாள். மறுநாள் மாட்டு டாக்டர் ஜெயப்பிரகாஷ் மோட்டார் சைக்கிளில் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"என்னம்மா போட்டீங்க?"

"எலைதாங்க."

"வேற?"

"கை தொடச்ச காகிதம்" என்றாள்.

"ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். இந்த நெலமையில தாயும் தாங்காது, கன்னும் தாங்காது."

செவலை மதியம் சாய்ந்தது. அதன் மூச்சு நின்ற பிறகும் வயிற்றுக்குள் கன்று உதைப்பது தெரிந்தது. காத்தாயி உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவசரமாகக் கத்தியை எடுப்பதற்குள் அந்த உதையும் நின்றுவிட்டது.

அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் துவைத்துப் பிழியாத துணி மூட்டை மாதிரி ஒரு பொதி. அதன் நடுவே பாலிதீன் கயிறாக முறுக்கிக் கிடந்தது. சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.

அன்று சாயங்காலமே அவள் அரங்கநாதன் முன்னால் போய் நின்றாள். "கவரத் தனியா போடச் சொல்லியிருக்கலாமே மொதலாளி."

"நீதான டிரம்மோட வேணும்னு பேசி வாங்குன? நானா வந்து ஒன் தலையில கட்டுனேன்?"

காத்தாயி குழாயடி டிரம்மைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு பொன்னம்மாள் துக்கம் கேட்க வந்தாள். அவளுக்கு இரண்டு கறவை மாடு. கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, ஓட்டல் எலைய இனிமே நான் எடுத்துக்கட்டுமா?"

"எலைய எடுத்துக்க. டிரம்மத் தொடாத. அதுலதான் செவல போச்சு. டாக்டரு அறுத்துக் காட்டுனாரு."

பொன்னம்மாள் லேசாகச் சிரித்தாள். "சந்தையில நல்ல கத்திரிக்காய சொத்தைன்னு சொல்லி எடுக்குற ஆளு நீ. எங்கிட்டயேவா அக்கா? மாடு வயசானது, போயிருச்சு. சரி, தெனம் கால் லிட்டர் பாலு ஊத்துறேன். டிரம்மையும் விட்டுக் குடு."

"எனக்கு ஒண்ணும் வேணாம்டி. ஒன் மாட்டுக்காகச் சொல்றேன்."

காத்தாயி வாயிலிருந்து 'ஒண்ணும் வேணாம்' என்று ஊர் இதுவரை கேட்டதில்லை. சரக்கு பெரிதுதான் என்று பொன்னம்மாளுக்கு உறுதியாகிவிட்டது.

"அர லிட்டரு" என்றாள்.

காத்தாயி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"முக்கால்."