ஆம்ப்ரோஸ் தூங்கிய பிற்பகல்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆஷ்காட் வீட்டுத் தலைவனாகிய நான், ஹம்ஃப்ரி. படுக்கையில் என் மூத்த மகன் ஆம்ப்ரோஸ். சன்னலோரம் இளையவன் பியர்ஸ். முகம் மழிப்பதும் இரத்தம் எடுப்பதும் தொழிலாகக் கொண்ட டோபின். ஆம்ப்ரோஸுக்குப் பால் கொடுத்து வளர்த்த அலிசன். அடுத்த வாரம் அவனுக்குப் பெண் கொடுக்க இருந்த சர் ஃபுல்க். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவன் பொய்யன்.

எங்கள் ஷ்ரூஸ்பரி நகரில் வியர்வைக் காய்ச்சல் பரவிய ஆண்டு அது. காலையில் நடுக்கம் வந்தால் மறுநாள் காலை வரை நோயாளி தூங்கக் கூடாது. தூங்கினால் எழுவதில்லை. போர்வையை உதறாதபடி டோபின் அவனைக் கழுத்துவரை கம்பளியில் வைத்துத் தைத்திருந்தார். கண் செருகும்போதெல்லாம் புளித்த காடியில் நனைத்த ரோஸ்மேரிச் செடிக் கொத்தால் கன்னத்தில் அடித்தார். கன்னங்கள் தடித்துக் கிடந்தன. நான் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

"கண்ணத் தொறடா ராசா," என்று அலிசன் அழுதாள். "இன்னும் கொஞ்ச நேரந்தான்டா."

"அழுது என்ன பிரயோசனம்? பேச்சுக் குடுங்க," என்றார் டோபின். "எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருங்க. வாய் ஓடுற வரைக்கும் உசுரு ஓடும்."

சர் ஃபுல்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எதிலும் வேடிக்கை தேடும் மனிதர் அவர். "மாப்ள! எம் பொண்ணு கண்ணு என்ன நெறம்? சொல்லுங்க பாப்போம்."

"பழுப்பு," என்றான் ஆம்ப்ரோஸ்.

"நீலம்யா! வேற எவ கண்ணப் பாத்தீரு?" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"சிசிலி கண்ணு."

அவர் சிரிப்பு நின்றது. "யாரு சிசிலி?"

"தோல் பதனிடுறவர் பொண்ணு. ஆத்தோரத்து வீடு."

"காய்ச்சல்ல உளர்றான், சம்பந்தி," என்றேன்.

"உளறட்டுமே. பேசச் சொன்னதே வைத்தியர்தான?" அவர் குனிந்தார். "அவ கையப் புடிச்சியா? என்ன சொன்ன அவகிட்ட?"

"உன்னைப் பொண்டாட்டியா ஏத்துக்கிறேன்னு சொன்னேன். அவளும் சொன்னா."

பாதிரியார் வேண்டாம், கோயில் வேண்டாம். இருவர் அந்த வார்த்தைகளைச் சொல்லி, கேட்டவன் ஒருவன் சத்தியம் செய்தால் திருச்சபை நீதிமன்றம் அதைத் திருமணம் என்றே தீர்க்கும். முந்நூறு ஆண்டுகளாகப் படைக்கு வில்லாளிகளைத் தந்த வீட்டில், நாய் மலத்தில் தோல் ஊறவைப்பவனின் மகள் எசமானியாக வந்து உட்காருவாள்.

"சாட்சி யாரு?" என்றார் சர் ஃபுல்க்.

ஆம்ப்ரோஸ் தலையைத் திருப்பிப் பியர்ஸைப் பார்த்தான். பியர்ஸ் சன்னலுக்கு வெளியே குதிரைகளைப் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது. எனக்கு அது போதும். சர் ஃபுல்குக்கும் போதும்.

பிறகு ஆம்ப்ரோஸின் இமைகள் மூடின. டோபின் ரோஸ்மேரிக் கொத்தை ஓங்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"போதும். புள்ள களைச்சுப் போயிட்டான். தூங்கட்டும்."

"ஐயா, தூங்கினா..."

"தெரியும்."

அலிசன் என் காலில் விழுந்தாள். "வேணாம் ஐயா! நான் பாத்துக்கிறேன். விடிய விடிய நான் முழிக்க வைக்கிறேன். எம் பாலக் குடிச்ச புள்ள ஐயா!"

"எழுந்திரு. வெளியே போ."

சர் ஃபுல்க் தம் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "சின்னவருக்கு என்ன வயசு, சம்பந்தி?"

"பதினேழு."

"ம். வயசு சரிதான்."

அண்ணனுக்குப் பேசிய பெண் தம்பிக்கு வருவது இந்த நாட்டில் புதிதல்ல. காலஞ்சென்ற மன்னர் தம் அண்ணன் மனைவியையே மணந்தவர்தாம். செப்டம்பர் கடைசியில் பியர்ஸின் திருமணம் நடந்தது. அண்ணனுக்கு அவன் சாட்சி நின்றானா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறான், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த ஆற்றோரத்து வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். எதையும் உரிமை கோரவில்லை. கண்கள் பழுப்புதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. கடைசியா எம் பேரச் சொன்னாரா?"

"இல்லை," என்றேன்.

நான் தலையணையை முகத்தில் அழுத்தி என் மகனைக் கொன்றேன் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். பொய். தலையணையை நான் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி வரை தூங்கினான். யாரும் எழுப்பவில்லை.